வாரக்கணக்கு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஒரு நாளைக்கு 1800 கலோரி என்று வைத்துக்கொண்டு இரண்டு மாதமாகச் செயலியில் எழுதி வருகிறேன். போன புதன்கிழமை நண்பர் வீட்டு விருந்தில் 2600 ஆகிவிட்டது. எண் சிவப்பாக மாறியது. மறுநாள் காலை எடை ஒன்றரை கிலோ கூடியிருந்தது. பயந்துபோய் பகல் முழுக்க அரைப்பட்டினி கிடந்தேன்; இரவில் அடக்க முடியாமல் விருந்தைவிட அதிகமாகச் சாப்பிட்டேன். அப்புறம் ஞாயிறு வரை எழுதவே இல்லை. நாளுக்கு நாள் பார்க்காமல் ஏழு நாளையும் சேர்த்து வாரக்கணக்கு பாருங்கள் என்கிறார் மனைவி. அது என்னை நானே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா?

– வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வது சரி. நானும் மூன்று வருடமாக வாரக்கணக்குதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒன்றரை கிலோ. நீங்கள் தாண்டியது 800 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7700 கலோரி. அத்தனையும் கொழுப்பாகவே படிந்திருந்தாலும் நூறு கிராம் சொச்சம்தான். மிச்சம் பெரும்பாலும் தண்ணீரும் செரித்து முடியாத உணவும். மாவுச்சத்து கிளைகோஜனாக, அதாவது உடம்பின் சர்க்கரைச் சேமிப்பாகச் சேரும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு கூடினாலும் தண்ணீர் தங்கும். சில நாளில் தானாக வடிந்துவிடும். அந்தத் தண்ணீருக்குப் பயந்துதான் நீங்கள் பட்டினி கிடந்திருக்கிறீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது.

நள்ளிரவு ஆனதும் கணக்கை முடித்துப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் பழக்கம் செயலிக்கு உண்டு, உடம்புக்குக் கிடையாது. 1800 என்றால் வாரத்துக்கு 12,600. என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. வாரத்துக்கு ஒரு பக்கம். இரவு படுக்கும் முன் அன்றைய எண்ணை எழுதி, பக்கத்திலேயே வாரத்தின் மீதியையும் எழுதிவிடுவேன். சனிக்கிழமை விருந்து என்று முன்பே தெரிந்தால் மற்ற ஆறு நாளும் 1700. அந்த ஒரு நாளுக்கு 2400 கிடைத்துவிடும். நூறு கலோரி குறைந்தது வயிற்றுக்குத் தெரியவே தெரியாது. உங்களைப் போல எதிர்பாராமல் புதன்கிழமை கூடிப்போனால், மீதி நான்கு நாளும் 200 வீதம் குறைக்கலாம். கஷ்டமென்றால் அதுவும் வேண்டாம். 13,400 என்று உள்ளபடி எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.

விருந்து உங்களை ஒன்றும் செய்யவில்லை. ‘சரி, இனி போச்சு’ என்று தோன்றிய பிறகு சாப்பிட்டதும், எழுதாமல் விட்ட நாட்களும்தான் கெடுத்தவை. நோட்டில் மீதி என்று ஒரு எண் கண்ணெதிரே இருக்கும்போது அந்த நினைப்பு அவ்வளவு சுலபமாக வருவதில்லை. எனக்கு இதில் கிடைத்த பெரிய நிம்மதி அதுதான்.

ஏமாறுவதற்கு வேறு ஒரு இடம் இருக்கிறது. கண்ணளவில் ஒரு நாள் கூடுதலாக எழுதுவோம், ஒரு நாள் குறைவாக எழுதுவோம். வாரக் கடைசியில் அது ஓரளவு சமனாகிவிடும். ஆனால் தினமும் விட்டுப்போவது சமனாகாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. நாளுக்கு ஒரு கரண்டியை எழுத மறந்தால் வாரத்தில் 840. உங்கள் விருந்தில் கூடிப்போன 800-ஐவிட அதிகம்!

புரதத்தை மட்டும் வாரக்கணக்கில் விடாதீர்கள், அது தினமும் வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மாவுச்சத்தை வேளைக்கு வேளை பார்த்தாக வேண்டும், அவர்களுக்கு இந்த முறையை நான் சொல்ல மாட்டேன். இன்னொன்று, ஐந்து நாள் வயிற்றைக் காயப்போட்டு இரண்டு நாள் கொட்டித் தீர்ப்பது வாரக்கணக்கு ஆகாது. நீங்கள் வியாழக்கிழமை பட்ட பாட்டையே வாரம் முழுக்க நீட்டுவது அது. அப்படி மறுபடி மறுபடி நடந்தால் கணக்கை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நான்கு பக்கம் நிரம்பியதும் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். எடையையும் தினசரி எண்ணாக இல்லாமல் வாரச் சராசரியாகவே அனுப்புங்கள்.