மல்லி மொட்டை பீரோவுக்குள் வைத்த பிள்ளை

அண்ணே, வணக்கம்.

போன சனிக்கிழமை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கணக்கு முடித்த கையோடு உங்கள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். நீட்டில் இரண்டாவது தடவையும் மார்க் வரவில்லை. "டாக்டர் சீட் இல்லையென்றால் பயாலஜி படித்து என்ன செய்ய? அதில்தான் எல்லாத்தையும் கண்டுபிடித்தாச்சே" என்று கேட்டீர்கள். அன்றைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், முழுப் பதில் சொல்ல முடியவில்லை.

நீங்கள் போன் பேச எழுந்து போனபோது பாப்பா ஒரு நோட்டைக் காட்டினாள். மல்லி மொட்டு ஒரு கைப்பிடியை வாசல் திண்ணையிலும், ஒரு கைப்பிடியை பீரோ இருட்டிலும் வைத்து, எது எத்தனை மணிக்கு விரிகிறது என்று ஒன்பது நாள் எழுதியிருக்கிறாள். மழை பெய்த நாளுக்கு நேராகச் சின்னதாக ஒரு குடைப்படம். இரண்டு நாள் கணக்கு ஒத்துவரவில்லை. அதை அவள் அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. பக்கத்தில் கேள்விக்குறி போட்டு அப்படியே விட்டிருந்தாள். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

கிட்டத்தட்ட அதே கேள்வியைத்தான் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவர் குழுவும் வௌவாலிடம் கேட்டார்கள். குகை இருட்டில் கூண்டுக்குள் இருக்கும் வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும்? சுற்றிலும் மற்ற வௌவால் கூட்டம் போய்வந்துகொண்டிருந்தால் அதன் நேரம் சரியாக இருக்கிறது, கூட்டமில்லாத குகையில் தனியாக விட்டால் விலகிக்கொண்டே போகிறது. 1981-லேயே இதை வெளியிட்டார்கள். உடம்புக்குள் அந்தக் கடிகாரத்தை எந்த மரபணுக்கள் ஓட்டுகின்றன என்று ஈயை வைத்துக் கண்டுபிடித்தவர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நாம் ஏன் தூங்குகிறோம் என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை.

எல்லாம் கண்டுபிடித்தாச்சு என்றீர்களே, அதற்கு வருகிறேன். 2016-ல் அமெரிக்காவில், உயிர்வாழ அவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்து ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார்கள். அதில் இருந்தது 473 மரபணு. அவற்றில் 149 என்ன வேலை செய்கிறது என்று உருவாக்கியவர்களுக்கே அப்போது தெரியவில்லை. எடுத்தால் செல் சரியாக வளராது, ஏன் என்று தெரியாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு, அவ்வளவும் இருட்டு! புரதத்தின் வடிவத்தைக் கணினியே கணித்துவிடுகிறது, அதற்கு 2024-ல் நோபலும் கொடுத்தாச்சு. சரி, அந்தப் புரதம் செல்லுக்குள் நிமிஷத்துக்கு நிமிஷம் எப்படி அசைகிறது, நிலையான வடிவமே இல்லாத புரதம் எப்படி வேலை பார்க்கிறது என்பதெல்லாம் இன்னும் பாக்கி.

மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையில் அரிவாள் செல் ரத்தசோகைக்கு வந்த சிகிச்சைக்கு 2023-ல் பிரிட்டன் முதலில் அனுமதி கொடுத்தது. நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் இருக்கிற நோய் இது. அமெரிக்காவில் அந்தச் சிகிச்சைக்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். இதை எளிய மக்களுக்கு எட்டச் செய்வது எப்படி? கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை மலிவாகத் தயாரித்துக் காட்டியது மதுரையில் இருக்கும் ஆரோலேப்தான். இந்த வேலைக்கு ஆள் நம் ஊரிலிருந்து போகாமல் வேறு எங்கிருந்து போவார்கள்?

இனி நீங்கள் கவலைப்படுகிற விஷயம். மூன்றாவது வருஷமும் ரிப்பீட்டர் பேட்ச் வேண்டாம், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். பெயரில் மயங்கி, லேப் சரியில்லாத இடத்தில் அதிக ஃபீஸ் கட்டி பயோடெக்னாலஜியில் சேர்க்காதீர்கள். அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர் என்று நேரில் போய் லேபைப் பாருங்கள். விலங்கியலோ தாவரவியலோ போதும், அஸ்திவாரம் உறுதியாக இருக்கும். ஆனால் அவள் பியூர் சயின்ஸ் குரூப் படித்தவள், கணக்கைத் தொட்டு நாளாகிவிட்டது. இன்றைய உயிரியல் பாதி கணக்குதான். முதல் வருஷத்திலேயே புள்ளியியலும் பைத்தான் என்கிற கணினி மொழியும் படிக்க ஆரம்பிக்கட்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும். கடைசி வருஷம், ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு.

மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் உங்களுக்குத் திருப்தியாக இருக்காது. பிஎச்.டி. வரை போனால் பத்து வருஷத்துக்குக் குறையாது. நெட் என்கிற தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி மாணவர் தகுதியை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், அதன் பிறகு உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள். அதுவரை கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருக்க முடியுமா என்று அண்ணியிடமும் கலந்து பேசுங்கள்.

அப்புறம் அந்த நோட்டு. மொட்டு எத்தனை மணிக்குப் பறித்தது, திருமங்கலம் பூவா உசிலம்பட்டிப் பூவா என்ற விவரம் அதில் இல்லை. அவளுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். கணக்கு ஒத்துவராத அந்த இரண்டு நாளும் வந்தது யார் தோட்டத்துப் பூ என்று கொஞ்சம் யோசித்து அவளிடம் சொல்லுங்கள். அடுத்த தடவை வரும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.