மாநாட்டுக்குப் பறக்கலாமா? கேள்வி பதில்

கே: ஓர் ஆய்வு மாநாட்டுக்கு விமானத்தில் போய்வருவதால் அப்படி என்ன கெட்டுவிடும்?

ப: 2019 டிசம்பரில் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் சான்பிரான்சிஸ்கோவில் கூடியது. சுமார் 28,000 பேர் வந்தார்கள். போக, வர எல்லோருமாகக் கடந்த தூரம் 28.5 கோடி கிலோமீட்டர். வெளியான கரியமில வாயு ஏறத்தாழ 80,000 டன், அதாவது தலைக்குக் கிட்டத்தட்ட மூன்று டன். இந்தியாவில் ஒருவருக்கு ஆண்டு முழுவதற்குமே சராசரி இரண்டு டன் அளவுதான். வந்தவர்களில் பலர் பருவநிலையை ஆராய்கிறவர்கள் என்பதுதான் வேடிக்கை.

கே: எங்கள் துறையில் பிளாஸ்டிக் பாட்டிலை நிறுத்திவிட்டோம், துணிப்பை தருகிறோம். போதாதா சார்?

ப: நிறுத்தியது நல்லதுதான். ஆனால் விமானக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் அது கடலில் கரைத்த பெருங்காயம்.

கே: எல்லோருக்கும் நடுவான ஊரில் நடத்தினால்?

ப: அந்தக் கூட்டத்தையே சிகாகோவில் வைத்திருந்தால் உமிழ்வு 12 சதவீதம்தான் குறைந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கண்டம் தாண்டி வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். முக்கால்வாசி உமிழ்வு அவர்களுடையது. அவர்களுக்கு சிகாகோவும் தொலைவுதானே?

கே: அப்படியானால் சென்னையிலிருந்து போகிற எங்களைப் போன்ற மாணவர்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள், இல்லையா?

ப: இந்தப் பயம் நியாயமானது. தூரத்தை மட்டும் பார்த்து வெட்டினால் அடி விழுவது உங்கள் மேல்தான். நான் வேறு மாதிரி வெட்டுவேன். ஆண்டுக்கு ஆறு முறை பறக்கும் பேராசிரியர் சிறப்புரையைத் திரையில் தரட்டும். அவரை எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். முதல் முறை போகும் மாணவருக்கு அந்த இருக்கை கிடைக்கட்டும். போகிறவரும் அப்படியே பக்கத்து ஊர் ஆய்வகங்களில் ஓரிரு வாரம் வேலை பார்த்துவிட்டு வரலாம். சிகாகோ, பாரிஸ், டோக்கியோ என மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் கூடி, திரைவழி இணைக்கும் யோசனையும் உண்டு. பறக்காவிட்டால் பதவி உயர்வு போய்விடும் என்பார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பார்த்தபோது, அதிகம் பறந்தவர்களின் ஆய்வு வெளியீடு அதனால் மேலாக இருக்கவில்லை.

கே: ஜூமும் மின்சாரம் தின்கிறதே?

ப: தின்னட்டும். விமானத்துக்கு முன் அது தூசு.

கே: டீ குடிக்கும்போது நடக்கும் பேச்சு திரையில் வருமா அண்ணா?

ப: வராது. நானும் முயன்று பார்த்தேன். அதற்காகத்தான் இரண்டாண்டுக்கு ஒருமுறை நேரில் கூடுங்கள் என்கிறேன்.

கே: பல்கலைக்கழகமே பிசினஸ் வகுப்பு டிக்கெட் தருகிறது. வாங்கிக்கொள்ளலாமா?

ப: நீண்ட தூரத்தில் அந்த ஓர் இருக்கைக்கு எகானமியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு உமிழ்வு கணக்கு. மாற்றிக் கேளுங்கள். மிச்சப் பணத்தில் இன்னொரு மாணவர் போய்வருவார்.