ஓடைக்கரையில் டென்ட் அடிக்கலாமா?

கேள்வி: சித்திரை லீவுக்கு நாங்கள் 2 குடும்பமாக, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நக்கிள்ஸ் மலைக்குப் போய் ஓடைக்கரையில் ஓர் இரவு தங்க யோசிக்கிறோம். தண்ணீருக்குப் பக்கத்திலேயே டென்ட் அடிக்கலாமா? – களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: வேண்டாம். ஓடையின் சத்தம் கேட்கிற தூரம் போதும்.

நம் மட்டக்களப்புப் பக்கத்து வெள்ளம் எப்படி வரும் என்று நமக்குத் தெரியும். வாவி மெல்ல மெல்ல ஏறும். இன்று வளவு, நாளை படிக்கட்டு, அதற்கடுத்த நாள் குசினி. முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வடியும். சாமான்களைத் தூக்கி வைக்க நேரம் கிடைக்கும். அந்தப் பழக்கத்தோடு மலை ஓடைக்குப் பக்கத்தில் படுத்துவிடாதீர்கள். அங்கே சரிவு செங்குத்து. மேலே பெய்கிற மழை முழுவதும் ஒடுங்கிய ஒரு பள்ளத்துக்குள் சேர்ந்து இறங்கும். நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு துளியும் விழாமலே, சில நிமிடங்களில் முழங்கால் தண்ணீர் இடுப்பைத் தொடலாம். அதிலும் சித்திரை, பருவக்காற்று மாறுகிற இடைக்காலம். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும்.

இடம் தேடும்போது ஓடையை விடக் கரையோரப் பற்றைகளைக் கவனியுங்கள். கொப்புகளில் சருகும் குச்சியும் சிக்கிக் கிடந்தால், முன்பு ஒரு நாள் வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. அதற்கும் நன்றாக மேலே போய் அடியுங்கள். ஓடை நடுவில் இருக்கிற மணல்திட்டு படம் எடுக்க மட்டும்தான். பிள்ளைகள் குளிக்கும்போது தண்ணீர் கலங்கினாலோ, இலை குச்சி மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேற்றுங்கள். செருப்பு போனால் போகட்டும்.

அப்புறம் குளிர். 1,000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். இரவில் குளிர்காற்று கனத்து, பள்ளத்தில் இருக்கிற ஓடைப் பக்கமாகவே இறங்கும். ஓடையை விட்டு விலகிப் படுக்க இதுவும் ஒரு காரணம். போர்வையைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள், அடியில் விரிப்பதை மறந்துவிடுவார்கள். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரை. ஒற்றைப் பாய் போதாது, தடித்த ஸ்பொஞ்ச் விரிப்பு வேண்டும்.

பசுமைமாறாக் காட்டில் வெயில் தரைக்கு வருவதே அரிது. நனைந்த உடுப்பு அடுத்த நாளும் காயாது, ஒரு மாற்று உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். சருகு மண் மெத்தென்று இருப்பதால் டென்ட் முளை சுலபமாகக் கழன்றுவிடும், கயிற்றை மரத்திலோ கல்லிலோ கட்டுங்கள். தலைக்கு மேல் காய்ந்த கொப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வயலில் அட்டை கண்டவர்களுக்கும் மலை அட்டை புதிதாக இருக்கும். தண்ணீரில் அல்ல, சருகிலும் இலை நுனியிலும் காத்திருக்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்தால் நெருப்பு வைக்க வேண்டாம், நகத்தால் வழித்து எடுத்தால் போதும். இரத்தம் உறையாமல் செய்கிற பொருளை அது விட்டுப் போவதால் கொஞ்ச நேரம் கசியும், பயமில்லை.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். மலசலம் கழிக்க ஓடையிலிருந்து 60 மீற்றராவது தள்ளிப் போய்க் குழி தோண்டுங்கள். சோப்பும் ஓடைக்குள் வேண்டாம்.

நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட காடு. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டில் அதுவும் ஒரு பகுதி. நினைத்த இடத்தில் தங்க முடியாது, வன இலாகாவில் முன்கூட்டியே அனுமதி எடுங்கள். விறகு மூட்டாமல் சின்ன கேஸ் அடுப்பைக் கொண்டு போங்கள்.

விடியவே வெளிக்கிட்டால்தான் மழைக்கு முன் டென்ட் அடித்து முடிக்கலாம். மஹா ஓயா, மஹியங்கனை வழியாகப் போனால், மஹியங்கனை தாண்டி ‘18 வளைவு’ என்று சொல்கிற மலைப்பாதை வரும். பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டு அதில் ஏறாதீர்கள்.