பிள்ளைத்தாய்ச்சியின் வயிறும் பால் தேத்தண்ணியும்: கேள்வி பதில்

பிரசவ விடுதியிலும் ஒப்பரேஷன் தியேட்டரிலும் பல வருஷம் தாதியாக இருந்தவள் நான். கடைசி மாதங்களில் என்ன குடிக்கலாம், குடித்தது வயிற்றில் எவ்வளவு நேரம் தங்கும் என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி: மிஸ், எனக்கு 37 வாரம். பிள்ளைத்தாய்ச்சி வயிறு மந்தம், பொழுது சாய்ந்தால் தண்ணிகூடக் குடிக்காதே என்கிறார் மாமியார். உண்மையா?

இல்லை தங்கச்சி. தாகத்தோடு படுக்காதீர்கள். வலி தொடங்காத நிறைமாத வயிறு, தண்ணியைச் சாதாரண வயிறு போலத்தான் கீழே அனுப்புகிறது. 2002இல் அமெரிக்காவில் நிறைமாதப் பெண்கள் சிலருக்கு 300 மில்லி லீற்றர் தண்ணி கொடுத்து அளந்து பார்த்தார்கள். சுமார் 24 நிமிஷத்தில் பாதி வயிற்றை விட்டுப் போயிருந்தது. வெறும் 50 மில்லி குடித்தபோது பாதி போக 33 நிமிஷம் ஆனது. நிறையக் குடித்தால் வயிறு இன்னும் சுறுக்காகத் தள்ளுகிறது.

மாமியார் மந்தம் என்று சொல்வது அநேகமாக நெஞ்செரிவைத்தான். அது வேறு விஷயம். கர்ப்ப காலச் சுரப்புகள் உணவுக்குழாயின் அடிவாசலைத் தளர்த்திவிடுகின்றன, கருப்பை கீழிருந்து நெருக்குகிறது. அதனால் புளிப்பு மேலே ஏறுகிறது. இரவில் ஒரேயடியாகக் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தலைமாட்டை உயர்த்தி இடப்பக்கம் சாய்ந்து படுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: காலை 8 மணிக்கு சிசேரியன். விடியக்காலையில் ஒரு தேத்தண்ணி குடிக்கலாமா?

எந்தத் தேத்தண்ணி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணிக்கும் பால் சேராத பிளேன் டீக்கும் பொதுவான கணக்கு, மயக்க மருந்துக்கு 2 மணித்தியாலம் முன்பு வரை. பால் என்றால் கணக்கே மாறிவிடும். வீட்டில் ஒரு கோப்பைப் பாலில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள். கண் முன்னாலேயே திரைந்து, கட்டி கட்டியாக அடியில் இறங்கும். வயிற்றுப் புளிப்பிலும் பால் அப்படித்தான் திரைகிறது. திரைந்த கட்டி தண்ணி மாதிரி ஓடாது, சோறு மாதிரிக் கரைந்துதான் போக வேண்டும். கொழுப்பும் அதைப் பிடித்து வைக்கும்.

2011இல் வந்த ஐரோப்பிய மயக்கவியல் வழிகாட்டி, மொத்த அளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்குவரை பால் கலந்த தேநீரைத் தெளிந்த பானமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் நம் வீட்டுத் தேத்தண்ணி அந்தக் கணக்கில் அடங்குமா? கரண்டி கரண்டியாகப் பால் மா, அதற்கு மேல் மூன்று கரண்டி சீனி, சில வீட்டில் டின் பால். ஆகவே நான் சொல்வது இதுதான்: பால் சேர்ந்த எதையும் 6 மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு 8. உங்கள் விடுதியில் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள், ஏனென்றால் தியேட்டர் வரிசை முன்பின் மாறும்.

தெரியாமல் குடித்துவிட்டீர்களா? எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு பிள்ளை தியேட்டர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், ஏச மாட்டீங்கதானே, அஞ்சு மணிக்கு ஒரு மக் பால் தேத்தண்ணி குடிச்சிட்டேன்" என்றாள். ஏசவில்லை. டொக்டரிடம் சொன்னோம், அவசரம் இல்லாததால் நேரத்தைத் தள்ளி வைத்தார். அவள் வாய் திறந்து சொன்னதற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: ஒரு மக் தேத்தண்ணிக்கு ஏன் இவ்வளவு பயம்?

முழு மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும். வயிற்றிலிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து. நியூயோர்க்கில் மென்டல்சன் என்ற வைத்தியர் 1946இல் எழுதி வைத்தார்: 1932 முதல் 1945 வரை 44,016 பிரசவங்களில் 66 பேருக்கு இப்படி நடந்தது, இருவர் இறந்தார்கள். அந்த இருவருக்கும் மூச்சை அடைத்தது திட உணவு. இப்போது பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, தாய் விழித்திருக்கும்போதே செய்கிறார்கள். ஆனாலும் நடுவில் முழு மயக்கம் தேவைப்படலாம், அதற்காகத்தான் இந்தக் கவனம்.

மஸ்கெலியா, தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கிலிருந்து: வலி வந்த பிறகு ரோட்டுக்கு இறங்கவே ஒரு மணித்தியாலம் ஆகும். வழியில் குடிக்கலாமா?

குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். உதடு வெடித்து, நாக்கு ஒட்டிப்போய் வந்து சேர்ந்த தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முக்குவதற்கு உடம்பில் தெம்பு வேண்டாமா? சிக்கல் எதுவும் இல்லாத தாய்க்கு வலி நேரத்தில் குடிக்கவும் சாப்பிடவும் கொடுக்கச் சொல்லித்தான் உலக சுகாதார நிறுவனமே 2018இல் பரிந்துரைத்தது. ஆனால் வலி பிடித்துவிட்டால் வயிறு வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதனால் வாய் வாயாகத் தண்ணி, இளநீர், சீனி குறைந்த பிளேன் டீ. ரொட்டியும் சம்பலும் வேண்டாம்.

வலிக்கு பெத்திடின் ஊசி போட்டால் வயிறு நன்றாகவே மந்தமாகிவிடும். அதற்குப் பிறகு விடுதியில் கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். உங்களுக்கு சிசேரியன் வரலாம் என்று கிளினிக்கில் ஏற்கெனவே சொல்லியிருந்தால் வழியில் என்ன குடிக்கலாம் என்பதையும் அங்கேயே கேட்டு வையுங்கள்.

பதுளையிலிருந்து: சீனிப் பரிசோதனைக்குக் கொடுத்த குளுக்கோஸ் தண்ணி வயிற்றைப் பிரட்டியது. ஏன்?

75 கிராம் குளுக்கோஸ் ஒரேயடியாக உள்ளே போகிறது. இனிப்பு கூடினால் குடல், "மெதுவாக விடு" என்று வயிற்றைத் தடுக்கும், அதனால்தான் பிரட்டுகிறது. ஐந்து நிமிஷத்துக்குள் மெல்லமாகக் குடித்துவிட்டு அசையாமல் உட்காருங்கள். வாந்தி வந்தால் மறைக்காதீர்கள், முடிவு பிழையாகிவிடும்.

இன்னொரு தங்கச்சி: இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடலாமா?

வேண்டவே வேண்டாம். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, இரத்தம் குறைந்து வரும் நம் பெண்களுக்கு இது பெரிய நட்டம். தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள். தேத்தண்ணிக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

மறுபடி ஹட்டன் தம்பி: அப்போ பிளாஸ்க்கில் என்ன எடுத்துப் போவது?

பிளேன் டீ. சீனியைத் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணி. பால் மாப் பெட்டியையும் கொண்டு போங்கள், பிள்ளை பிறந்த பிறகு தாய்க்கு ஊற்றிக் கொடுக்கலாம்.