மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க, ஈஎஸ்பி32 (வைஃபை வசதியுள்ள, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) வைத்து நாமே ஓர் அமைப்பைச் செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம். நீர்மட்டத்தை அளக்க ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் ஒரு மீயொலி சென்சார் போதும். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று எச்.சி.-எஸ்ஆர்04 (HC-SR04) என்ற சென்சாரை வாங்கித் தொட்டிக்குள் வைக்காதீர்கள். மூடிக்கு அடியில் படியும் ஈரம் அதை அரித்துவிடும். நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி (JSN-SR04T) நல்லது. ஏறத்தாழ 25 செ.மீ.க்குள் இருப்பதை அது சரியாக அளக்காது. ஆகவே தொட்டி நிரம்பிய நிலையிலும் அவ்வளவு இடைவெளி இருக்கும்படி உயர்த்திப் பொருத்துங்கள். 5 வோல்ட்டில் இயங்கும் சென்சாரின் எக்கோ கம்பியை (அளவைத் திருப்பித் தரும் கம்பி) நேராக ஈஎஸ்பி32-இல் இணைக்கக் கூடாது, அது 3.3 வோல்ட்டுக்கானது. நடுவில் இரண்டு ரெசிஸ்டர்கள் வைத்து மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து மோட்டார் பக்கம்தான். 1 எச்பி மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு. 10 ஆம்பியர் என்று அச்சிட்ட சின்ன நீல ரிலேயின் (ஈஎஸ்பி32 சொல்லும்போது இயங்கும் மின் சுவிட்ச்) முனைகள் அந்தத் தீப்பொறியில் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒட்டிவிட்டால், நிரல் எத்தனை முறை நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். ரிலே ஒரு கான்டாக்டரை (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) இயக்கட்டும். மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். தயவுசெய்து இந்த இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வைஃபையை நம்பி நிறுத்தும் வேலையை ஒப்படைக்காதீர்கள். அந்த முடிவை ஈஎஸ்பி32 தானே எடுக்க வேண்டும், கைபேசி செயலி வெறுமனே பார்ப்பதற்கு. கான்டாக்டரை இயக்கும் காயிலுடன் (கம்பிச்சுருள்) தொடராக, மேல்தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்சும் (நீர்மட்டத்தோடு மிதந்து இயங்கும் சுவிட்ச்) இருந்தால், சென்சார் பழுதானாலும் தொட்டி வழியாது. கீழ்த்தொட்டியிலும் அதுபோல் ஒன்று வையுங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்பின் சீல் முதலில் போய்விடும்.