மே 18 கேள்விகள்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் பதில்கள்

பாம்பன்: ஐயா, 2009 மே 18இல் இலங்கைப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் தமிழர்களுக்கு நடந்தது போர்க்குற்றமா, இனப்படுகொலையா?

வேண்டுமென்றே மருத்துவமனைமேல் ஷெல் அடித்தால், அடிபட்டவர் எந்த இனமானாலும் போர்க்குற்றம். இனப்படுகொலை என்று சொல்ல, ஒரு இனத்தை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தைக் காட்ட வேண்டும். 1948 ஐ.நா. உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. 'ஒரு பகுதி' என்பதை நம் மேடைகளில் யாரும் கவனிப்பதே இல்லை. 1995இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 8,000 போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும். ஒரு பகுதிதான் என்றாலும், சர்வதேச நீதிமன்றம் 2007இல் அதை இனப்படுகொலை என்றது.

நோக்கத்தை யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பதில்லை. நடந்த விதத்திலிருந்துதான் காட்ட முடியும். அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்தில் ஷெல் விழுந்தது, உணவும் மருந்தும் போதாமல் தடுக்கப்பட்டது. இனப்படுகொலை என்று வாதிடுகிறவர்கள் காட்டுவது இவற்றைத்தான். 2015இல் வட மாகாண சபை அப்படியே தீர்மானம் போட்டது. அதே ஆண்டு வந்த ஐ.நா. விசாரணை அறிக்கை அந்த முடிவுக்கு வரவில்லை. இலங்கை அரசு அடியோடு மறுக்கிறது. நான் இனப்படுகொலை என்றே கருதுகிறேன். ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இன்னும் இல்லை.

தங்கச்சிமடம்: இறந்தது 40,000 பேரா, 1,46,679 பேரா?

40,000 வரை இருக்கலாம் என்றது 2011இல் ஐ.நா. நிபுணர் குழு. மற்றது மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் கேட்ட கணக்கு. 2008 அக்டோபரில் போர் நடந்த வடக்கு வன்னியில் இருந்தவர்கள் கச்சேரி, அதாவது மாவட்ட அரசு அலுவலகப் பதிவுப்படி 4,29,059. அரசுப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மீதிப் பேர் எங்கே என்றுதான் அவர் கேட்டார். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று போஸ்டர் அடித்தால், மறுக்கிறவன் கையில் நாமே பிடி கொடுத்ததாகும்.

உச்சிப்புளி: சரியான எண் ஒன்று மட்டும் சொல்லுங்க சார்.

மேலே இருக்கிறது, தம்பி.

ராமநாதபுரம்: மொத்தம் எத்தனை பேர்?

மேலே!

தனுஷ்கோடி: இங்கிருந்து முள்ளிவாய்க்கால் தெரியுமா?

தெரியாது. அது தீவின் அந்தப் பக்கம், கிழக்குக் கரை. உங்களுக்கு எதிரே இருப்பது தலைமன்னார்.

மண்டபம் அகதிகள் முகாம்: எண்ணும் சட்டமும் பேசுறீங்க. என் அக்கா அங்கே போய்த் திரும்பவே இல்லை.

அம்மா, அக்காவின் பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம், தேதி, கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதி, இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். நினைவு மங்குவதற்குள் செய்யுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன்.

கீழக்கரை: 1990இல் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டினார்களே, அதை ஏன் யாரும் நினைவுகூர்வதில்லை?

நியாயமான கேள்வி, பாய். அந்த அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் வெறும் சில மணி நேரம். நகை, பணத்தையும் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். அதற்கு முன், ஆகஸ்டில், காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள்.

ராமேஸ்வரம்: இதை இப்ப ஏன் இழுக்கணும்? சிங்கள அரசுக்குத்தானே சாதகம்?

அரசு செய்தது இதனால் ஒரு துளியும் குறையாது. 2009இல் தப்பி ஓடிய தமிழர்களைப் புலிகள் சுட்டதையும் அதே நிபுணர் குழு எழுதியிருக்கிறது. அதை மறைத்துவிட்டு, 40,000 என்ற வரியை மட்டும் கத்தரித்து மேடையில் வாசிப்பீர்களா?

ராமேஸ்வரம்: அப்போ நீங்க யார் பக்கம்?

செத்தவர்கள் பக்கம். அடுத்த கேள்வி.

தொண்டி: மே 18 நினைவுக்குக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சியில் தேங்காய்ப்பால் சேர்க்கலாமா?

அரிசி, தண்ணீர், உப்பு. அன்று அதற்கும் வரிசை.

தேவிபட்டினம்: ஒரு குழந்தையின் படம் வந்தது, பேனரில் போடலாமா?

எங்கே, எப்போது, யார் எடுத்தது? தெரியாவிட்டால் போடாதீர்கள். வருஷா வருஷம் இதைச் சொல்கிறேன், வருஷா வருஷம் வேறு நாட்டுப் படம் ஒன்று பேனரில் ஏறிவிடுகிறது.