மெழுகு போகாமல் பெயின்ட் நிற்காது

கேள்வி (செங்கோட்டை வாசகர்): ஃபைபர்கிளாஸில் ஒன்றரை அடி நீளச் சுண்டன் வள்ளம் (கேரளத்துப் பாம்புப் படகு) மாதிரி ஒன்று செய்தேன். அச்சிலிருந்து எடுத்து, உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்த பிறகுதான் கறுப்பு பெயின்ட் அடித்தேன். ஆனாலும் வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகி அடிப்பரப்பு தெரிகிறது. பெயின்ட் மட்டமா?

பதில்: பெயின்டைத் திட்டாதீர்கள், பாவம். அச்சில் ஒட்டாமலிருக்க மெழுகு பூசியிருப்பீர்கள் இல்லையா, அதில் கொஞ்சம் வள்ளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், கண்ணுக்கும் தெரியாது. அதன் மேலேயே உப்புத்தாளைப் போட்டால் மெழுகு கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நானும் ஒரு கிளைடர் உடம்பை இப்படிப் பாழாக்கி, அடித்ததையெல்லாம் சுரண்டி எடுத்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

நீங்களும் சுரண்டத்தான் வேண்டும். அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெழுகு நீக்கும் திரவத்தை ஒரு துணியில் நனைத்துத் துடையுங்கள், அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் வழித்தெடுங்கள். ஒரே துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் மெழுகு இடம் மாறுமே தவிர போகாது. போயிற்றா என்று பார்க்க மேலே தண்ணீர் ஊற்றுங்கள்: சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதுபோல முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது, ஒரே படலமாகப் பரவினால் சரி. அதற்குப் பிறகு தேங்காய் எண்ணெய் வைத்த தலையைக் கோதிவிட்டு அதே கையால் வள்ளத்தைத் தொடாதீர்கள்!

இப்போதுதான் உப்புத்தாள். 220 எண் தாளில் தொடங்கி அதைவிட நைசான 320, முகமூடி போட்டுக்கொண்டு. அந்தத் தூள் உடம்பெல்லாம் அரிக்கும். தேய்க்கத் தேய்க்க ஊசிமுனைத் துளைகள் வெளியே வரும். தூளை ஊதி எடுத்துவிட்டு, பழைய ஏடிஎம் கார்டால் பட்டியை (துளை அடைக்கும் பசை) அழுத்தி இழுங்கள், மேலாகத் தடவினால் உள்ளே காற்று அடைபட்டு, பிரைமர் (பெயின்டுக்கு அடியில் போகும் முதல் பூச்சு) அடித்ததும் மறுபடி துளை தெரியும். பிரைமர் காய்ந்ததும் மேலே கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவலாக அடித்து 400 எண் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள்) தேயுங்கள்; கறுப்பு போகாமல் நிற்கிற இடம் பள்ளம்.

இன்னொன்று, உங்கள் ஊரில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் பக்கமே போகாதீர்கள், ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும். வெயில் வரும்வரை வள்ளம் அலமாரியில் இருக்கட்டும்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகர்): எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்து இறுகவைக்கும் பிசின்) காய்ந்த பிறகும் மேலே பிசுபிசுக்கிறது. தின்னரால் துடைக்கலாமா?

பதில்: முதலில் வேண்டாம். அந்தப் பிசுபிசுப்பு பெரும்பாலும் தண்ணீரில் கரையும் படலம். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். கழுவியும் பிசுபிசுத்தால் கலவை அளவு தப்பியிருக்கலாம், அதன் மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம்.